ஓட்ஸும் ஒரு மாவுதான், ஸார்!

பெரிய கடைகளில் இப்போது 'ஓட்ஸ் மாவு' என்று தனியாக ஒரு பாக்கெட் வைத்திருக்கிறார்கள். பளபளவென்று உறை. உறையின் மேல் ஒல்லியாக ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருப்பார். (ஓட்ஸ் பாக்கெட்டின் மேல் குண்டாக யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.) பக்கத்துத் தட்டிலேயே சாதா ஓட்ஸும் இருக்கும். இரண்டின் விலையையும் கிராம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அநேகமாக மாவுதான் விலை கூடுதலாக இருக்கும். சரி, அப்படி அதில் என்னதான் விசேஷமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பாக்கெட்டைத் திருப்பி, பூதக் கண்ணாடி வைத்துப் படித்தால், சேர்மானம் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: ஓட்ஸ்.

ஆக, நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு எதற்கு? நம் வீட்டு மிக்ஸி ஒரு நிமிஷம் ஓடாமல் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு!

தமிழ்நாட்டில் மிக்ஸிக்குப் பஞ்சமா? 2011 செப்டம்பரில் அரசாங்கமே விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தது. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டு மிக்ஸியில் சட்னி, பொடி, மாவு, ஜூஸ் என்று சகலமும் அரைக்கிற நாம், ஓட்ஸ் என்றதும் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்? அது என்ன ராக்கெட் எரிபொருளா?

* * *

ஓட்ஸ் என்பது நெல், கோதுமை மாதிரி புல் வகையில் விளைகிற ஒரு தானியம். குளிர்ந்த தேசங்களில் நன்றாக வரும். பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் பக்கம் 'ஜை' என்ற பெயரில் குளிர்காலத்தில் பயிர் செய்கிறார்கள். பெரும்பாலும் மனிதர்களுக்கு அல்ல, மாடுகளுக்கு. நம் தட்டுக்கு வருவதில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வருகிறது.

1755-ல் ஸாமுவேல் ஜான்ஸன் என்ற ஆங்கிலேயர் புகழ்பெற்ற ஓர் அகராதி வெளியிட்டார். அதில் ஓட்ஸுக்கு அர்த்தம் எழுதுகிற சாக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களை ஒரு வாரு வாரியிருக்கிறார் மனிதர். இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுகிற தானியத்தில்தான் அவர்கள் ஜீவனம் நடக்கிறதாம். படித்துவிட்டு நாம் சிரிக்க முடியாது. குதிரைக்குக் கொள்ளை வைத்துவிட்டு, மிச்சத்தில் கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் பண்ணிச் சப்புக்கொட்டுகிற கோஷ்டி நாம்!

பாக்கெட்டில் வருகிற ஓட்ஸைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. அது அவல். நெல்லை இடித்துத் தட்டையாக்கினால் நம் அவல். ஓட்ஸை உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் வெள்ளைக்காரன் அவல். அவலில் கெட்டி அவல், நைஸ் அவல் என்று இருக்கிறது அல்லவா? அதே மாதிரி இதிலும் உண்டு. முழுசாக நசுக்கியது 'ரோல்டு ஓட்ஸ்', அதாவது கெட்டி அவல். இன்னும் மெல்லிசாக நசுக்கியது 'க்விக்' அல்லது 'இன்ஸ்டன்ட்', அதாவது நைஸ் அவல். நசுக்காமல் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டியது 'ஸ்டீல் கட்'. நம் கோதுமை ரவை மாதிரி இருக்கும்.

மாவு அரைப்பதற்கு வாங்க வேண்டியது ரோல்டு ஓட்ஸ். ஸ்டீல் கட்டையும் அரைக்கலாம். மிக்ஸி கொஞ்சம் முனகும். 'மசாலா ஓட்ஸ்' என்று சின்னச் சின்ன உறையில் வருகிறதே, அதைத் தொட வேண்டாம். அதில் ஏற்கெனவே உப்பும் மசாலாவும் போட்டுவிட்டார்கள்.

* * *

இனி செய்முறை. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் தேவையில்லை, அவ்வளவு சின்ன விஷயம்.

ஒன்றேகால் கப் ஓட்ஸ் போட்டால் ஏறக்குறைய ஒரு கப் மாவு வரும். முதலில் வெறும் வாணலியில், சின்னத் தீயில், நாலைந்து நிமிஷம் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. லேசாக வாசனை வந்தால் போதும். ஆலையிலேயே ஆவியில் வெந்ததுதான் என்பதால் வேகவைப்பதற்காக இதைச் செய்யவில்லை. ஈரத்தை விரட்டத்தான். அதுவும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துக்காரர்கள் கட்டாயம் வறுக்க வேண்டும். அங்கே காற்றிலேயே பாதி தண்ணீர்.

வறுத்ததைத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஜாடிக்குள் வியர்த்து, மாவு கட்டி கட்டியாகும். மிக்ஸியின் சின்ன ஜாடி எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் கறி மசாலா அரைத்த ஜாடி என்றால் இன்னொரு முறை கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் கஞ்சியில் சோம்பு மணக்கும். 'என்னடி இது, ஓட்ஸ் கோழியா?' என்று கேள்வி வரும்.

ஜாடியில் பாதிக்கு மேல் போடாதீர்கள். ஒரேயடியாக ஓடவிடாமல், விட்டு விட்டு, பத்துப் பத்து விநாடியாக நாலைந்து சுற்று. நடுவில் ஸ்விட்சை அணைத்து, ஓரத்தில் ஒட்டியதைக் காய்ந்த கரண்டியால் தள்ளிவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் ஜாடி சூடாகும். ஓட்ஸில் எண்ணெய்ச் சத்து அதிகம், நூற்றுக்கு ஏழு பங்கு வரை உண்டு. சூடு பட்டால் மாவு அடியில் ஒட்டிக்கொண்டு வராது.

சலிக்கலாமா? சலிக்கலாம். ஆனால் சல்லடையில் தங்குகிற கப்பியைத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தவிட்டில்தான் சமாசாரமே இருக்கிறது. மறுபடி ஜாடியில் போட்டு ஒரு சுற்று விட்டு மாவோடேயே கலந்துவிடுங்கள். கல்யாண வீட்டு மைதா மாதிரி வழவழவென்று இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் ரவை மாதிரி நெருநெருவென்று இருப்பதுதான் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாவு மில்லுக்குக் கொண்டுபோகிற எண்ணம் வேண்டாம். கால் கிலோ மாவுக்காக அவர் மெஷினைப் போடமாட்டார். போட்டாலும், முன்னால் வந்தவருடைய மிளகாய்த்தூளில் ஐம்பது கிராம் உங்களுக்கு இலவசமாக வந்து சேரும்.

எண்ணெய்ச் சத்து இருப்பதால் இந்த மாவு அரிசி மாவு மாதிரி மாசக்கணக்கில் தாங்காது. இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். முகர்ந்தால் வேர்க்கடலை மாதிரி வாசனை வந்தால் நல்ல மாவு. பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை வந்தால் தயவுதாட்சண்யம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

* * *

இதெல்லாம் எதற்கு, ஓட்ஸை அப்படியே கஞ்சி காய்ச்சிக் குடித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் யார் குடிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். பாளையங்கோட்டைக்காரர். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை. டாக்டர், "ராத்திரி அரிசியைக் குறைச்சுக்குங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓட்ஸ், மாத்திரைக்கு அடுத்த அந்தஸ்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரை இருக்கிற அலமாரியிலேயே ஓட்ஸ் டப்பாவும். மேலே மதினி ஒரு காகிதம் ஒட்டி 'அப்பா ஓட்ஸ்' என்று எழுதி வைத்திருந்தார், பேரப்பிள்ளைகள் கைவைத்துவிடாமல் இருக்க. (பேரப்பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.)

ஒருநாள் ராத்திரி போயிருந்தபோது அண்ணாச்சி கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஏதோ கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. இது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்?"

"ஓட்ஸ் கஞ்சிதானே அண்ணாச்சி?"

"இல்லை. எலெக்‌ஷன் போஸ்டர் ஒட்டுத பசை. சுவத்துல தடவ வேண்டியதை என் தொண்டையில தடவுதாக!"

மதினி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "தெனமும் இதே பாட்டுதான் தம்பி. இவுகளுக்குன்னு தனியா அடுப்புப் பத்தவச்சு, தனியாக் காய்ச்சி, தனியா ஆத்தி வச்சா, பசைங்காக!"

நான் கேட்டேன்: "நீங்க ராத்திரிக்கு என்ன மதினி சாப்பிடுவீங்க?"

"எனக்கென்ன தம்பி... பிள்ளைகள் சாப்பிட்டது போக மிச்சம் இருக்கத சோத்துல, குழம்பை ஊத்தி ரெண்டு வாய். சோத்தைக் கொட்ட மனசு வருமா?"

"உங்களுக்கும் கொஞ்சம் ஓட்ஸ் போட்டுக்கிடலாமே?"

மதினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கு எதுக்கு? அது இவுகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுல்லா!"

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் நாலு வீட்டில் கேட்டிருக்கிறேன். வார்த்தைதான் வேறு வேறு. வீட்டுக்காரருக்கு ஓட்ஸ், வீட்டுக்காரிக்கு மிச்சச் சோறு. மருந்து மாதிரி வந்த சாப்பாடு, மருந்து மாதிரியே ஒருவர் பேரில் பதிவாகிவிடுகிறது.

அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் 'தம்பதி சலுகை' போட்டிருந்தார்கள். ஒருவருக்குச் செய்தால் இன்னொருவருக்குப் பாதி விலை. பாதி விலையை விடக் கூடாது என்பதற்காக, துணைக்குப் போன மதினியும் கையை நீட்டினார். ரிசல்ட் வந்தது. மூன்று மாசச் சராசரிச் சர்க்கரை, எட்டு வருஷ நோயாளியான அண்ணாச்சியை விட மதினிக்கு ஒன்றரை அதிகம்! எத்தனை நாளாக இருந்ததோ, யாருக்கும் தெரியாது. களைப்பு, கால் எரிச்சல் எல்லாம் 'வயசாச்சுல்லா' என்ற கணக்கில் போயிருந்தது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வுப்படி நம் தேசத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அதில் எத்தனை மதினிகள் 'தம்பதி சலுகை' வருகிறவரை காத்திருக்கிறார்களோ!

* * *

அந்த வீட்டில் கட்சியை மாற்றியது மருமகள். டாக்டரும் இல்லை, நானும் இல்லை. "ஒருத்தருக்குக் கஞ்சி, ஒருத்தருக்குச் சோறு, பிள்ளைகளுக்குத் தோசைன்னு மூணு சமையல் என்னால முடியாது அத்தை" என்று சொல்லிவிட்டு, 'அப்பா ஓட்ஸ்' மொத்தத்தையும் மிக்ஸியில் போட்டு அரைத்துவிட்டார்.

மாவாகிவிட்டால் அதற்குத் தனி முகம் கிடையாது. அது எந்த மாவோடும் சேரும். நோயாளிச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு ஆகிற இடம் இதுதான். ஓட்ஸை மாவாக்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபமும் இதுதான்.

அன்றைய தோசைக்குக் கணக்கு: ஓட்ஸ் மாவு ஒரு கப், அரிசி மாவு அரை கப், ரவை கால் கப், புளித்த தயிர் கால் கப். மிளகு, சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு. தண்ணீர் விட்டு ரவா தோசை மாதிரி நீர்க்கக் கரைத்து, கல் நன்றாகக் காய்ந்ததும் வீசி ஊற்ற வேண்டியது. எட்டுத் தோசை வரும். உளுந்து ஊறவைக்க வேண்டாம், பொங்க வைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கரைத்த பத்து நிமிஷத்தில் மாவு கெட்டியாகிவிடும். பயப்படாதீர்கள். ஓட்ஸின் நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போட்டுக் கடைந்துகொண்டே இருந்தால் வழவழவென்று ஆகும். ராத்திரி முழுக்க வைத்தால் அண்ணாச்சி சொன்ன பசையேதான்.

இன்னும் எதற்கெல்லாம் ஆகும்? அடை மாவில் கால் பங்கு கலக்கலாம். சப்பாத்திக்குக் கோதுமை மாவு இரண்டு பங்கு, ஓட்ஸ் மாவு ஒரு பங்கு, மிருதுவாக வரும். கட்லெட் உதிர்ந்தால் ரொட்டித் தூளுக்குப் பதில் இதைப் போடலாம். குருமாவோ சூப்போ தண்ணியாகப் போய்விட்டால் ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து விட்டு ஒரு கொதி. சோள மாவுக்கு இங்கே வேலையில்லை. மோர்க்கஞ்சிக்கு, மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வைத்துக் கிளறி, இறக்கி ஆறிய பிறகு மோர் விட வேண்டும். சூட்டிலேயே விட்டால் மோர் திரிந்துவிடும். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தூவினால் பசை என்ற பேச்சே எழாது.

எதற்கு ஆகாது? தனி ஓட்ஸ் மாவில் சப்பாத்தி இடாதீர்கள். கோதுமையை இழுத்துப் பிடிக்கிற 'க்ளூட்டன்' என்ற பசைப் புரதம் இதில் கிடையாது. கட்டையை வைத்தால் இலங்கைப் படம் மாதிரி ஆரம்பித்து அந்தமான் தீவுகளாக முடியும். இடியாப்பம், கொழுக்கட்டை மேல்மாவு இரண்டுக்கும் சரிப்படாது. அச்சில் ஒட்டி அழவைக்கும்.

* * *

தோசை பிரமாதமாக வந்தது. பேரப்பிள்ளைகள் என்ன மாவு என்று கேட்காமலே சாப்பிட்டார்கள். மதினி சாப்பிட்டார். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எப்படிச் சாப்பிட்டார் தெரியுமா? எட்டு!

"ஓட்ஸ்தானே தம்பி, மருந்துல்லா! எத்தனை சாப்பிட்டா என்ன?"

இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டர் சொன்ன எண்ணை இங்கே எழுதினால் உங்களுக்கும் தலை சுற்றும்.

வாருங்கள், கணக்குப் போடுவோம். எட்டுத் தோசைக்கு ஓட்ஸ் மாவு 100 கிராம், அரிசி மாவு 75 கிராம், ரவை 45 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் சேர்த்து மாவுச்சத்து 160 கிராம் சுமார். இது 200 கிராம் பச்சை அரிசியை வடித்துச் சாப்பிட்டதற்குச் சமம்! அரிசியைக் குறைக்கச் சொன்னதற்கு, அரிசியை மாறுவேஷத்தில் சாப்பிட்டிருக்கிறார் அண்ணாச்சி.

இன்னொரு அதிர்ச்சி. 100 கிராம் அரிசியில் 350 கலோரி சுமார். 100 கிராம் ஓட்ஸில் 380! எடைக்கு எடை பார்த்தால் ஓட்ஸ்தான் அதிகம். பாக்கெட் மேல் சிரிக்கிற பெண்மணி இதைச் சொல்லவே மாட்டார்.

அப்படியானால் ஓட்ஸில் என்னதான் நல்லது? 'பீட்டா க்ளூகான்' என்று ஒரு நார்ச்சத்து. தோசை மாவைக் கெட்டியாக்கிற அதே ஆசாமி. வயிற்றுக்குள்ளும் இதே வேலையைச் செய்கிறது. சாப்பாட்டைக் கூழாக்கி, சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் குறைக்கிறது. பித்த நீரையும் கொஞ்சம் பிடித்து வெளியே தள்ளுகிறது. கல்லீரல் புதுப் பித்தம் தயாரிக்க ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. இதை வைத்துத்தான், தினம் 3 கிராம் பீட்டா க்ளூகான் இதயத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள 1997-ல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை அனுமதி கொடுத்தது. கெட்ட கொலஸ்ட்ரால் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை குறையும். நல்ல விஷயம்தான். ஆனால் மாத்திரை செய்கிற வேலை அதைவிடப் பல மடங்கு. ஓட்ஸை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள், குடையை நம்பி வீட்டுக் கூரையைப் பிரிக்கிறவர்கள்.

100 கிராம் ஓட்ஸில் இந்த நார் 4 கிராம் சுமார். நம் தோசை ஒன்றில் அரை கிராம். காலையில் மூன்று தோசை, ராத்திரி 30 கிராம் மாவில் ஒரு மோர்க்கஞ்சி என்றால் கிட்டத்தட்ட அந்த 3 கிராம் வந்துவிடுகிறது. எட்டு வேண்டாம் அண்ணாச்சி, மூன்று போதும். தொட்டுக்கொள்ளச் சட்னியோடு ஒரு கிண்ணம் காயோ சுண்டலோ வைத்துக்கொண்டால் வயிறும் நிறையும்.

நெருநெருவென்று அரைக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். ஓட்ஸ் எவ்வளவு முழுசாக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாக ஜீரணமாகும். சர்க்கரை ஏற்றும் வேகத்தை அளக்கிற 'க்ளைசீமிக் இண்டெக்ஸ்' கணக்கில், கெட்டி அவலாக இருக்கும்போது 55 பக்கம். நைஸ் அவலான இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு 75 பக்கம். நைஸாக அரைத்தால் மாவும் அந்தத் திசையில்தான் ஓடும். ஆகவே மிக்ஸியை அளவோடு ஓட்டுங்கள்.

ஓட்ஸ் கட்டுப்படியாகாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நம்ம ஊர்க் கேழ்வரகிலும் நார்ச்சத்து ஓட்ஸ் அளவுக்கு உண்டு. சுண்ணாம்புச் சத்து ஓட்ஸைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. கேழ்வரகு கப்பலேறி வர வேண்டியதும் இல்லை. இரண்டு மாவையும் கலந்து தோசை ஊற்றினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓட்ஸுக்கு மாறக் கூடாது. அதில் பாஸ்பரஸ் அதிகம். கோதுமை ஒத்துக்கொள்ளாத 'ஸீலியாக்' நோய்க்காரர்கள், க்ளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆலையில் கோதுமையோடு கலந்துவிட வாய்ப்பு உண்டு. மற்றவர்கள் புதிதாக எதைச் சாப்பிட ஆரம்பித்தாலும், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை மீட்டரில் பார்த்துவிடுங்கள். பாக்கெட் மேல் எழுதியிருப்பதைவிட உங்கள் விரல் சொல்வது நிஜம்.

போன வாரம் அண்ணாச்சி வீட்டு அலமாரியைப் பார்த்தேன். டப்பாவில் 'அப்பா ஓட்ஸ்' என்ற காகிதத்தைக் கிழித்துவிட்டு, மருமகள் வெறுமனே 'மாவு' என்று எழுதி வைத்திருக்கிறார். மதினிக்கு மூன்று தோசை, அண்ணாச்சிக்கு மூன்று தோசை, எண்ணிக்கை பார்ப்பது பேத்தி. அண்ணாச்சி நாலாவதுக்குக் கையை நீட்டினால், "தாத்தா, கோட்டா முடிஞ்சுது!" என்கிறாள்.

"முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்டுல இருந்தேன் தம்பி, இவ்வளவு ஸ்டிரிக்டான ஆடிட்டரை நான் பார்த்ததே இல்ல!" என்கிறார் அண்ணாச்சி.